பொங்கலன்று டிரம் கிரில்லில் வெஞ்சனம்: எந்த நெருப்புக்கு எது?

கேள்வி இது: தைப்பொங்கலுக்குத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், 20 பேருக்குச் சாப்பாடு. வாசலில் பொங்கல் பானை. உள்ளே சோறும் பருப்பும் வேகும் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. மிச்சமிருப்பது பழைய டிரம்மை நீளவாக்கில் அறுத்து, கீல் வைத்து மூடி போட்ட ஒரு கிரில். இதுவரை கோழி மட்டுமே சுட்ட அதில் மத்தியானச் சோத்துக்கான வெஞ்சனங்களை, அதாவது தொட்டுக்கொள்ளும் காய் வகைகளை, செய்ய முடியுமா? செய்தால் எதை எப்போது போடுவது? புகை வாசம் தூக்கலாகிவிடாதா?

முடியும். கேஸ் அடுப்பில் தீயை நம் விருப்பத்துக்கு ஏற்றி இறக்கலாம். கரி நெருப்போ ஒருமுறை முழு வேகத்துக்கு வந்துவிட்டால் அதன் பிறகு தணிந்துகொண்டேதான் போகும். அதனால் பட்டியலைப் போட்டுக்கொண்டு அதற்கேற்ற நெருப்பைத் தேடக் கூடாது. நெருப்பு எந்த வரிசையில் தணிகிறதோ அந்த வரிசையில் காய்களை ஏற்ற வேண்டும். பொங்கல் சமயத்தில் நம் பக்கத்துச் சந்தைக்கு வரும் கத்தரி, வாழைக்காய், அரசாணிக்காய் (பரங்கிக்காய்), சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் இந்த வரிசையில் அழகாக உட்காரும். அவரைப் பொரியலையும் மொச்சைக் குழம்பையும் கேஸ் அடுப்புக்கே விட்டுவிடுங்கள். கிரில் அவற்றுக்கு எதையும் கூட்டித் தராது.

முதலில் டிரம்மைப் பாருங்கள். சமையல் எண்ணெய் வந்த டிரம் என்றால் நல்லது. சாயப்பட்டறைக்கோ வேறு ஆலைக்கோ ரசாயனம் வந்த டிரம் என்றால், எத்தனை முறை கழுவியிருந்தாலும் அதில் சமைக்க வேண்டாம். உள்ளே பெயிண்ட் பூச்சு இருந்தால் காய் எதுவும் வைக்காமல் பெரிய விறகுத் தீ போட்டு அதை முழுக்க எரித்துவிட வேண்டும். மேலே போடும் கம்பித் தட்டு துருப்பிடிக்காத எஃகாகவோ வெறும் இரும்புக் கம்பியாகவோ இருக்கட்டும். கோழிக்கூண்டு வலை மாதிரி துத்தநாகம் பூசிய ஜிஐ வலை கூடாது. பலத்த சூட்டில் அந்தப் பூச்சு புகைந்து நச்சாகும். இன்னொன்று: பொங்கலன்று கறி சுட்ட தட்டில் வெந்ததை ஆத்தா, அம்மிச்சி போன்ற பெரியவர்கள் தொட மாட்டார்கள். தட்டைத் தீயில் காய்ச்சித் தேய்த்தாலும் அவர்கள் மனசு ஒப்பாது. காய்க்கென்று தனியாக ஒரு தட்டை லேத்துப் பட்டறையில் அடித்து வாங்கிவிடுவதே மரியாதை.

கரியில் நமக்கு இரண்டு வகை எளிதாகக் கிடைக்கும். ஒன்று சீமைக்கருவேல மரக்கரி. மற்றது காங்கயம், வெள்ளகோவில், பொள்ளாச்சி பக்கம் கிடைக்கும் தேங்காய்த் தொட்டிக்கரி (கொட்டாங்குச்சிக் கரி). தொட்டிக்கரி சூடு அதிகம், புகை குறைவு. ஆனால் சில்லுகள் மெல்லியவை, ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். மரக்கரி இரண்டு பங்கு, தொட்டிக்கரி ஒரு பங்கு என்று கலந்தால் இரண்டின் குறையும் தெரியாது. தொட்டிக்கரித் தூளை அழுத்திச் செய்த கட்டிகள் கிடைத்தால் இன்னும் நல்லது. அவை நின்று எரியும். கரிக்குப் பதில் பச்சைத் தொட்டியையே போட்டு எரித்தால் தார் கலந்த கரும்புகை வரும். அது முழுக்க எரிந்து கங்காகும்வரை மேலே காய் வைக்கக் கூடாது. மார்கழி, தை மாதப் பனியில் வெளியே கிடந்த கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பற்ற வைத்தால் படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். மூட்டையை முந்தின நாள் வெயிலில் உலர்த்தி உள்ளே எடுத்து வையுங்கள்.

20 பேருக்கு முதல் ஈடு கரி 3 கிலோ, நடுவில் இன்னொரு ஈடு ஒன்றரைக் கிலோ போதும். பற்ற வைக்க மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டாம். அந்த வாடை கத்தரிக்காயில் அப்படியே ஏறும். 15 கிலோ எண்ணெய் டின்னின் மேலும் கீழும் வெட்டிவிட்டு, அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் நான்கு கம்பிகளைக் குறுக்கே செருகி, அதற்குக் கீழே சுற்றிலும் துளை போட்டால் நல்ல புகைபோக்கி அடுப்பு தயார். கம்பிக்குக் கீழே உலர்ந்த தேங்காய் மட்டை நாரும் காகிதமும், மேலே கரி. 20 முதல் 25 நிமிடத்தில் மேல் கரியில் சாம்பல் பூக்கும். அப்போது டிரம்மில் கொட்டலாம்.

கொட்டும்போது பலரும் செய்யும் தவறு, தட்டு முழுக்கப் பரப்பிவிடுவது. கங்கு முழுவதையும் டிரம்மின் ஒரு பக்கம், ஐந்தில் இரண்டு பங்கு நீளத்துக்குள் ஒதுக்குங்கள். மீதி இடத்தில் கங்கே வேண்டாம். கங்குக்கு மேலே நேரடிச் சூடு, மறுபக்கம் மூடிக்குள் சுற்றும் அனல். கருகத் தொடங்கியதைத் தள்ளிவைக்க இடம் இல்லாவிட்டால் எதையும் காப்பாற்ற முடியாது. கங்குக்கும் தட்டுக்கும் 12 முதல் 15 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். கீழ்க் காற்றுத் துளை கங்குப் பக்கமும், மூடியின் புகைத் துளை எதிர்ப்பக்கமும் இருந்தால் அனல் காயைத் தடவிக்கொண்டு வெளியேறும். மூடித் துளையை எப்போதும் முழுக்கத் திறந்தே வையுங்கள். சூட்டைக் குறைக்க கீழ்த் துளையை மட்டும் அடையுங்கள். மேலே அடைத்தால் புகை தேங்கிக் காய் கசக்கும்.

சூடு பார்க்க உள்ளங்கை போதும். தட்டுக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் கையைக் காட்டுங்கள். 2, 3 விநாடிக்குள் இழுக்க வேண்டியிருந்தால் பலத்த சூடு, சுமார் 230 டிகிரிக்கு மேல். 4, 5 விநாடி தாங்கினால் நடுத்தரம், 180-க்குப் பக்கம். 8 முதல் 10 விநாடி தாங்கினால் மெல்லிய சூடு, 130 முதல் 150 வரை. மூடியில் பதித்த மானியை அப்படியே நம்ப வேண்டாம். அது மூடிக்கடியில் உள்ள காற்றின் சூட்டைச் சொல்லும், காய் இருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்லாது.

இப்போது வரிசை. மத்தியானம் 12.30-க்கு இலை போடுவதாக வைத்துக்கொள்வோம். 8.45-க்குக் கரி பற்ற வேண்டும், 9.15-க்குக் கங்கு டிரம்மில் இருக்க வேண்டும்.

உடனே கங்கில்லாத பக்கத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்துவிடுங்கள். 3 கிலோ, ஒவ்வொன்றும் 150 முதல் 200 கிராம், மண் போகக் கழுவித் துடைத்து, தோலோடு. எண்ணெய் வேண்டாம், தாளும் சுற்ற வேண்டாம். இதை நிதானமாக வேகவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. கிழங்கின் உள்சூடு 60 முதல் 75 டிகிரி வரை ஏறும் நேரத்தில் அதிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. பலத்த தீயில் வைத்தால் அந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டிவிடும். கிழங்கு வேகும், இனிக்காது. அலுமினியத் தாள் சுற்றினால் அவித்தது போல் ஈரமாக நிற்கும், சுண்டிய ருசி வராது. ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம், அரைமணிக்கு ஒருமுறை திருப்புங்கள். தோலில் பாகு கசிந்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் வெந்துவிட்டது. எடுத்துத் துண்டில் சுற்றிப் போசியில் (பாத்திரத்தில்) மூடி வைத்தால் சாப்பாட்டு நேரம்வரை சூடு நிற்கும். தோலை உரித்து, வில்லையாக நறுக்கி, ஊத்துக்குளி வெண்ணெயில் சீரகமும் மிளகும் தாளித்துக் கொட்டினால் இலையில் தனியாகத் தெரியும்.

பலத்த சூடு இருக்கும் முதல் அரைமணி கத்தரிக்காய்க்கு. கடைசலுக்கு இரண்டரைக் கிலோ, 200 கிராமுக்குக் குறையாத பெரிய காய்கள். சின்னக் காய் தோல் கருகுவதற்குள் சதை வற்றிவிடும். கத்தி முனையால் நான்கைந்து இடத்தில் குத்துங்கள், குத்தாத காய் ஆவி சேர்ந்து வெடிக்கும். எண்ணெயைக் காயின் மேல் மெல்லத் தடவுங்கள். தட்டில் தடவினால் கங்கில் சொட்டித் தீ எழும். கங்குக்கு நேர் மேலே 15 முதல் 20 நிமிடம், 4 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, தோல் முழுக்கக் கருத்துக் காய் துவண்டு உட்காரும்வரை விடுங்கள். இங்கேதான் பொறுமை தேவை. தோல் கருத்ததைப் பார்த்து அவசரப்பட்டு எடுத்தால் காம்புப் பக்கம் வேகாமல் நார் நாராகவும் துவர்ப்பாகவும் நிற்கும். காம்பை ஒட்டி ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்க வேண்டும்.

அதே சூட்டில் பக்கத்திலேயே ஒரு கிலோ தக்காளி, 600 கிராம் சின்ன வெங்காயம், 15 பச்சை மிளகாய். வெங்காயத்தைத் தோலோடு கம்பிக் கூடையில் போட்டு 10 நிமிடம் குலுக்குங்கள். உள்ளே தன் ஈரத்திலேயே வெந்து இனிக்கும். மிளகாயையும் காம்பு எடுக்காமல் குத்திவிட்டுப் போடுங்கள். தக்காளி தோல் வெடித்ததும் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் தட்டு வழியாகக் கங்கில் ஒழுகிவிடும்.

சுட்ட கத்தரிக்காயை மூடிய போசியில் 10 நிமிடம் போட்டால் தோல் தானாகக் கழலும். உரிக்கும்போது தண்ணீரில் கழுவக் கூடாது, சுட்ட வாசம் கழுவலோடு போய்விடும். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உரித்தால் போதும், இரண்டொரு கருந்துணுக்கு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. சதையை வடிகட்டியில் 10 நிமிடம் வையுங்கள். பழுப்பு நீர் இறங்கும், கசப்பும் அதோடு குறையும். இரண்டரைக் கிலோவில் பாதிக்குச் சற்று மேல்தான் சதை மிஞ்சும், அளவை அதற்கேற்ப வாங்கியிருக்க வேண்டும். வெங்காயம், தக்காளி, மிளகாயின் தோலை நீக்கி, சிறிய எலுமிச்சை அளவு புளியின் கெட்டிக் கரைசல், கல்லுப்பு சேர்த்து மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். மிக்சியில் அரைத்தால் விதை உடைந்து பசை போலாகும். கடலை எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மல்லித்தழை தூவுங்கள். அலுமினியப் பாத்திரம் இதற்கு ஆகாது, புளி அதை அரிக்கும்.

9.45 வாக்கில் சூடு நடுத்தரத்துக்கு இறங்கும்போது 10 வாழைக்காய். தோலில் எண்ணெய் தடவி, குத்திவிட்டு, நேரடிச் சூட்டில் 20 முதல் 25 நிமிடம். ஆறியதும் உரித்துத் துருவி, வறுத்த கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் சேர்த்து இடித்த பொடியையும் தேங்காய்த் துருவலையும் பிசறினால் புட்டு. அவித்த வாழைக்காய்ப் புட்டில் இருக்கும் வழவழப்பு இதில் இருக்காது, உதிரியாக வரும்.

10.15-க்கு அரசாணிக்காய். 3 கிலோக் காயைத் தோலோடு 3 செ.மீ. தடிமன் பத்தைகளாக்கி, எண்ணெயும் உப்பும் தடவுங்கள். கங்கின் மேல் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டி வரி விழுந்ததும், கங்கில்லாத பக்கம் தள்ளி மூடி 30 முதல் 40 நிமிடம். பழுத்த அரசாணியில் சர்க்கரை அதிகம் என்பதால் நேரடிச் சூட்டிலேயே விட்டால் மேலே கரிந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். வெந்ததும் தோலோடு ஒட்டாமல் கரண்டியால் வழித்து, கடுகு, வரமிளகாய் தாளித்து, ஒரு கைப்பிடி நாட்டுச் சர்க்கரை, இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவல் போட்டுக் கிளறுங்கள். அதிகம் கிளறினால் கூழாகும்.

புகை பற்றிக் கேட்டதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன எதற்கும் விறகுப் புகை தேவையில்லை. கரியின் வாசமே போதும். புகைக்கென்று ஒன்றைச் செய்ய வேண்டுமானால் பச்சைப்பயறு கடைசலைச் செய்யுங்கள். பயறும் பருப்பும் புகையை நன்றாக ஏற்கும். முக்கால் கிலோ பயறை வறுத்து, கேஸ் அடுப்பில் வேகவைத்துக் கடைந்து, சற்று நீர்க்கவே வைத்துக்கொள்ளுங்கள். அகலமான தட்டையான பாத்திரத்தில் 5 முதல் 6 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, 11 மணி வாக்கில் மெல்லிய சூட்டில் கங்கில்லாத பக்கம் வையுங்கள். புகை மேற்பரப்பில்தான் படியும், அதனால் குண்டான் உதவாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும். அரைமணிக்கு மேல் புகைக்க வேண்டாம். காயும் பயறும் கறியைவிட வேகமாகப் புகையை இழுக்கும், ஒரு மணி நேரம் வைத்தால் நாக்கில் தார் ஒட்டியது போலாகிவிடும்.

விறகு கைப்பிடி அளவில் ஒரே துண்டு போதும். மா, கொய்யா இரண்டும் மென்மையான புகை தரும். அமெரிக்காவில் புகைக்கறிக்குப் பேர்போன மெஸ்கீட் மரத்தின் இனம்தான் நம் வேலியோரச் சீமைக்கருவேலமும். புகை காரமானது, கறிக்குப் பொருந்தும், பயறுக்கு அதிகம். வேம்பு கசக்கும். அரளி, எருக்கு, பால் வடியும் செடிகள், பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் அடுப்பருகே வரக் கூடாது. அரளிப் புகையும் நஞ்சு. சிலர் விறகைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். முதலில் ஆவிதான் வரும், கங்கின் சூடும் குறையும், பயன் இல்லை. ஒரு வருடம் காய்ந்த துண்டு நல்லது. அடர்ந்த வெள்ளைப் புகை வந்துகொண்டிருக்கும்வரை மூடியைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். அது மெலிந்து நீலம் பாய்ந்த பிறகுதான் பாத்திரம் உள்ளே போக வேண்டும்.

இரண்டாம் ஈடு கரியை 11 மணிக்கே டின்னில் பற்ற வைத்துவிட வேண்டும். பற்றாத கரியைச் சமையல் நடுவே கங்கின் மேல் கொட்டினால் சூடு சட்டென்று விழும், புகையும் கிளம்பும். 11.30-க்குப் பயறை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தால் பலத்த சூடு மீண்டும் கிடைக்கும். அப்போது உருளைக்கிழங்கு. இரண்டு கிலோ சின்ன உருளையை உப்பு, மஞ்சள் போட்டு கேஸ் அடுப்பில் முக்கால் பதம் அவித்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் தோல் கருகும்வரை நடு வேகாது. இரும்பு தோசைக்கல்லையோ இருப்புச் சட்டியையோ கங்கின் மேல் வைத்து, நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, உருளை. 15 நிமிடம் முறுக விட்டு, கடைசியில் கொல்லிமலை மிளகை இடித்துத் தூவுங்கள். மிளகை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். பாத்திரங்களின் வெளியடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால் கரி பிடித்தது ஒரே தேய்ப்பில் போகும்.

மக்காச்சோளக் கருது கடைசி. ஆறினால் மணி இறுகிவிடும், அதனால் இலை போடும்போதுதான் இறங்க வேண்டும். 10 கருது, மட்டையோடு அரைமணி தண்ணீரில் ஊறியவை, 12 மணிக்கு நேரடிச் சூட்டில் 15 முதல் 20 நிமிடம். மட்டை கருகும், மணி ஆவியில் வேகும். உரித்து இரண்டாக ஒடித்து எலுமிச்சை, உப்பு, மிளகாய்த் தூள்.

இதே டிரம் ஆடி முதல் நாளுக்கும் உதவும். சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கம் தேங்காய் சுடுவோருக்கு ஒரு குறிப்பு: நார் சீவி வழவழப்பாக்கிய தேங்காயில் ஒரு கண்ணைத் திறந்து, ஊறிய பச்சைப்பயறு, எள், பொட்டுக்கடலை, அவல், வெல்லம் போடும்போது முக்கால் பாகத்தோடு நிறுத்துங்கள். கொஞ்சம் இளநீரைத் திரும்ப ஊற்றி அழிஞ்சிக் குச்சியைச் செருகி, நடுத்தரச் சூட்டில் உருட்டிக்கொண்டே இருந்தால் அரைமணிக்குள் ஓடு விரிசல் விடும். நிறைய அடைத்தால் பயறு உப்ப இடமில்லாமல் வேகாது, ஆவி முட்டி ஓடு திடீரென்று பிளந்து வெந்நீர் தெறிக்கும். குழந்தைகள் குனிந்து பார்க்கும் இடம் இது, எட்டவே நிறுத்துங்கள். ஆடிக் காற்றும் பலமாக இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்குக் கீழ்த் துளை முகம் காட்டாதபடி டிரம்மைத் திருப்பிப் போடாவிட்டால் கரி அரைமணியில் தீர்ந்துவிடும்.

காற்றுக்கோ மழைக்கோ பயந்து கிரில்லைச் சாளைக்குள் இழுத்துவர வேண்டாம். கங்கு அணைந்தது போல் சாம்பல் பூத்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாலு பக்கமும் திறந்த கொட்டகை என்றாலும் கூரை ஓலையாக இருந்தால் கூடாது.

சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய தணலில், மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கை ஐந்து நிமிடம் வாட்டலாம். அதன்பின் இரண்டு துளைகளையும் அடைத்து மூடிவிடுங்கள். காற்றில்லாமல் கங்கு தானாக அணையும், மறுநாள் அந்தக் கரியைச் சலித்து அடுத்த ஈட்டில் புதுக்கரியோடு கலக்கலாம். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் டிரம் கோணிக்கொள்ளும், ஆவி முகத்தில் அடிக்கும். மூடி வைத்தாலும் ஒரு நாள் முழுக்கக் கழிந்த பிறகே சாம்பலை அள்ளித் தென்னை மூட்டுக்குப் போடுங்கள்.